மஞ்சள் இங்க் தகராறு செய்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பளிச்சென்ற மஞ்சள் இங்க் புட்டியை ஆசை ஆசையாகத் திறந்து, கையில் கிடைத்த இங்க் பேனாவில் ஏற்றி, ‘மஞ்சள்’ என்று எழுதினேன். எழுத்து கிளிப்பச்சையில் வந்தது. நாலைந்து வரி தள்ளி மஞ்சளானது. நிம்மதியாக ஒரு பக்கம் எழுதி மகளிடம் காட்டினேன். “எங்கப்பா எழுதியிருக்கே?” என்றாள். மறுநாள் காலையில் பேனாவைத் திறந்தால் முதல் வரி மறுபடியும் பச்சை.

பார்க்க ஒரே தொல்லை மாதிரி இருந்தாலும் இவை மூன்று தனித்தனிக் கோளாறுகள். மூன்றிலும் அந்தப் புட்டியின் மேல் தப்பே இல்லை. நீலமோ கறுப்போ ஊற்றும்போது பேனா மறைத்துவைத்திருக்கும் அழுக்கையெல்லாம் மஞ்சள் வெளியே இழுத்துப் போட்டுவிடும். அதனால் புட்டியைத் திட்டுவதற்கு முன் கீழே இருப்பவற்றைப் பாருங்கள். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

முதலில் ஈர்க்குச்சி

சுத்தமான ஃபில்லரால் நாலு சொட்டு மஞ்சளை ஒரு சின்ன மூடியில் எடுங்கள். துடைப்பத்திலிருந்து புது ஈர்க்குச்சி ஒன்றை உருவி, கழுவி, முனையைச் சாய்வாக வெட்டுங்கள். பல் குத்தும் குச்சி இருந்தாலும் போதும். அதை மையில் தொட்டு, தகராறு வந்த அதே தாளில், பேனா எழுதிய வரிக்குப் பக்கத்திலேயே ஒரு கோடு இழுங்கள்.

குச்சிக் கோடு நல்ல மஞ்சளாக வந்து பேனாக் கோடு மட்டும் மாறியிருந்தால் கோளாறு பேனாவில். இரண்டும் ஒரே மாதிரி மஞ்சளாக இருந்தும் படிக்க முடியவில்லை என்றால் தாளையும் விளக்கையும் நிப்பின் அகலத்தையும் பார்க்க வேண்டும். குச்சிக் கோடே அழுக்காக வந்தால்தான் புட்டியைச் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று. மஞ்சள் புட்டிக்குள் பேனாவை நேராக விட்டு இங்க் உறிஞ்சாதீர்கள். நிப்பில் ஒட்டியிருக்கும் துளி நீலம் போதும், முழுப் புட்டியின் நிறமும் மங்கிவிடும். 5 மில்லி அளவுக்கு ஒரு குட்டிப் புட்டியில் ஊற்றி, அதிலிருந்து ஏற்றுங்கள். கெட்டால் அந்த 5 மில்லியோடு போகட்டும்.

அறிகுறி: மஞ்சள் பச்சையாக வருகிறது

எப்போது பச்சையாக வருகிறது என்பதை வைத்தே எங்கே அழுக்கு என்று சொல்லிவிடலாம்.

புதிதாக ஏற்றியதும் பச்சையாக வந்து, எழுத எழுதத் தெளிந்துவிட்டால், அது நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையில் தங்கிய பழைய இங்க். அந்தக் கட்டையின் பக்கவாட்டில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய இடுக்குகள் இருக்கும். கூடுதலாக இறங்கும் மையைப் பிடித்துவைப்பது அவற்றின் வேலை. குழாயில் நாலு முறை காட்டினால் வெளியே ஓடும் தண்ணீர் தெளிந்துவிடும், இடுக்கில் இருப்பது அசையாது. அடுத்து நீலமே ஊற்றினால் யாருக்கும் தெரியாது. மஞ்சள் ஊற்றினால் ஊருக்கே தெரியும்.

சரிசெய்யும் முறை: ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரே ஒரு சொட்டு. நிப் பகுதியை அதில் இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சை, விரல் பிடிக்கும் பகுதியின் பின்பக்கத் துளையில் வைத்து நல்ல தண்ணீரை வேகமாகத் தள்ளுங்கள். சோப்பு மிச்சம் இல்லாமல் பத்துப் பதினைந்து முறை. பிறகு வெள்ளை டிஷ்யூவை நாலாக மடித்து, அதன் மேல் நிப்பைக் குத்திட்டு ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். டிஷ்யூ உள்ளே இருப்பதை உறிஞ்சும். ஈரவட்டத்தின் ஓரத்தைக் கவனியுங்கள். நடுவில் வெறும் தண்ணீர் போலத் தெரிந்தாலும் ஓரத்தில் மெல்லிய நீல வளையம் விழுந்தால் வேலை முடியவில்லை, மறுபடி ஊற வையுங்கள். எனக்கு மூன்றாவது டிஷ்யூவில்தான் வளையம் போனது.

கொதிநீர் வேண்டாம். திருவள்ளூரில் கடைசலில் இழைக்கும் எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா போன்றவை வைத்திருப்பவர்கள் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். சூடான நீரில் எபோனைட் பளபளப்பு போய்ப் பழுப்பேறிவிடும். ஸ்பிரிட்டும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பிளாஸ்டிக் பேனாவைக் கெடுத்துவிடும்.

எழுத எழுதத் தெளியாமல், பாதிப் பேனா தீர்ந்தும் இளம்பச்சையாகவே வந்தால், பேனாவுக்குள் மையை உறிஞ்சி வைக்கும் குழாயான கன்வர்ட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனின் ரப்பருக்குப் பின்னால் பழைய நீலம் கசிந்து போய் உட்கார்ந்திருக்கும். முன்பக்கம் எவ்வளவு கழுவினாலும் அது வராது. பிஸ்டன் ஏறி இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளில் கலக்கும். கழற்றக்கூடிய கன்வர்ட்டர் என்றால் கழற்றிக் கழுவுங்கள். கழற்ற வராததை நெம்பாதீர்கள். மஞ்சளுக்கென்று புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வதே மிச்சம்.

எழுதும்போது சுத்த மஞ்சள், ஆனால் ஒவ்வொரு நாளும் முதல் வரி மட்டும் பச்சை. இதுதான் என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. நிப்பைக் கழுவினேன், கன்வர்ட்டரை மாற்றினேன், கட்டையை உருவி டூத்பிரஷ் போட்டேன். மறுநாள் காலையில் பச்சை. கடைசியில் பார்த்தால் குற்றவாளி மூடி! பள்ளிக்கூட நாளிலிருந்தே பேனாவைக் கழுவுவோம், மூடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுவிடுவோம். மூடிக்குள் தெறித்துக் காய்ந்த நீலம் இரவில் நிப்பின் ஈரம் பட்டு இளகி, முனையில் ஒட்டிக்கொள்கிறது. காது குடையும் பட்ஸை நனைத்து மூடியின் உள்ளே சுற்றுங்கள். வெள்ளையாக வெளியே வரும் வரை பட்ஸை மாற்றிக்கொண்டே இருங்கள். எனக்கு ஆறு ஆனது. மூடிக்குள் உலோகப் பாகம் இருந்தால் ஊற வைக்காமல், துடைத்து, தலைகீழாக நிறுத்திக் காயவிடுங்கள்.

அறிகுறி: எழுதியது கண்ணுக்குத் தெரியவில்லை

என் மகள் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். பேனாவிலும் இங்க்கிலும் ஒரு குறையும் இல்லை, நம் கண்தான் அப்படி. வெள்ளைத் தாளிலிருந்து வரும் ஒளியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உண்டு. மஞ்சள் சாயம் அதில் நீலத்தை மட்டும் விழுங்கும். திரைகளுக்கான கணக்கில், வெள்ளையின் மொத்த வெளிச்சத்தில் நீலத்தின் பங்கு சுமார் 7 சதவீதம்தான். மீதி 93 சதவீதம் அப்படியே கண்ணுக்கு வந்துவிடுகிறது. அப்புறம் எழுத்து எப்படி எடுப்பாகத் தெரியும்? வலைப்பக்கங்களில் படிக்கும் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 வெளிச்ச வேறுபாடு இருக்க வேண்டும் என்பது, பார்வை குறைந்தவர்களும் படிக்க உதவும் அணுகல் நெறிமுறைகளின் அளவு. வெள்ளை மேல் கறுப்பு 21க்கு 1. வெள்ளை மேல் தூய மஞ்சள் 1.07க்கு 1.

ஆக, பொடி எழுத்தில் மஞ்சளால் கடிதம் எழுதிவிட்டு இங்க் சரியில்லை என்றால் நியாயமில்லை. முழுசாகத் தீர்க்க முடியாது, ஆனால் மூன்று இடத்தில் கை வைக்கலாம்.

முதலில் விளக்கு. குண்டு பல்பு வெளிச்சத்திலும் மஞ்சள் சாயல் எல்.இ.டி. வெளிச்சத்திலும் நீலமே குறைவு. விழுங்க நீலம் இல்லாதபோது மஞ்சள் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றாகிவிடும். பகல் வெளிச்சத்துக்கோ வெள்ளை டியூப்லைட்டுக்கோ போய்ப் பாருங்கள், அதே வரி எழுந்து நிற்கும்.

அடுத்து தாள். கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று விற்கும் சந்தன நிறத் தாள் மஞ்சளுக்கு எதிரி. பளிச் வெள்ளைத் தாள் எடுங்கள். மை சீக்கிரம் ஊறாத வழவழப்பான தாள் இன்னும் நல்லது. கோட்டின் முடிவில் மை தேங்கி, காயும்போது அந்த இடம் மட்டும் பொன்னிறமாகும். எழுத்துக்கு உடம்பு கொடுப்பதே அந்தத் தேக்கம்தான். ஆனால் காய நேரமெடுக்கும், உள்ளங்கையை வைத்து இழுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது நிப். ஃபைன் நிப் மஞ்சளுக்கு வீண். 1.1 மில்லிமீட்டர் பட்டை நிப்பிலிருந்து ஆரம்பியுங்கள், 1.5 இன்னும் நல்லது. அழகெழுத்துக்கு என்றே வரும் பைலட் பேரலல் பேனாவில் 3.8, 6 மில்லிமீட்டர் அகலம்கூட உண்டு. தலைப்புக்கும் கோலத்துக்கும் அது பிரமாதம்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால் நிறத்தை இறக்கலாம். தனிப் புட்டியில் 2 மில்லி மஞ்சளுக்கு ஒரு சொட்டு ஆரஞ்சோ பழுப்போ விடுங்கள். இரண்டும் ஒரே கம்பெனியின், ஒரே வரிசை இங்க்காக இருப்பது நல்லது. கலந்ததை இரண்டு நாள் வைத்து, அடியில் வண்டல் இறங்கவில்லை என்று பார்த்த பிறகே பேனாவில் ஏற்றுங்கள். கருமை வேண்டும் என்று கறுப்பை மட்டும் விடாதீர்கள். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் அடர்மஞ்சள் வராது, பாசி படிந்த குளத்து நிறம் வரும்.

எழுதி முடித்த பக்கத்தைப் படிக்க வேண்டுமா? இருட்டறையில் கைப்பேசித் திரை முழுக்க அடர்நீலத்தை வைத்து, அந்த வெளிச்சத்தைத் தாளின் மேல் காட்டுங்கள். மஞ்சள் வரிகள் கருவரிகளாகத் தெரியும், ஏனென்றால் இப்போது அங்கே விழும் ஒளியே நீலம்தான், அதை எழுத்து விழுங்குகிறது. வீட்டில் இதைச் செய்து காட்டினேன். “இதை முன்னாடியே காட்டியிருக்கலாமேப்பா” என்று, தன் தோழிக்கு ரகசியக் கடிதம் எழுதப் புட்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எழுத்து கருக்காமல் பச்சையாக ஒளிர்ந்தால் உங்களிடம் இருப்பது ஹைலைட்டர் வகை ஒளிரும் இங்க்.

காசோலை, விண்ணப்பம், தேர்வுத்தாள் எதிலும் மஞ்சளைத் தொடாதீர்கள். ஜெராக்ஸில் பெரும்பாலும் விழாது.

அறிகுறி: பேனா எழுதுகிறதா, நின்றுவிட்டதா என்றே தெரியவில்லை

எழுதிக்கொண்டே தாளைக் கண்ணுக்கு எதிரே சாய்த்துப் பிடியுங்கள். ஈரம் மினுங்கினால் மை வருகிறது. மினுக்கம் விட்டுவிட்டு வந்தால் ஓட்டம் தடைபடுகிறது. நிப்பைத் தண்ணீரில் தொட்டு டிஷ்யூவில் ஒற்றி மறுபடி எழுதிப் பாருங்கள். அரைப் பக்கம் நன்றாக எழுதிவிட்டுத் திரும்ப நின்றால் நிப் பிளவில் காய்ந்த மை இருக்கிறது, மேலே சொன்ன சோப்புத் தண்ணீர்க் குளியல்தான் வைத்தியம். பிளேடை விட்டு நிப்பைப் பிளக்கும் பழைய வகுப்பறை வித்தை வேண்டாம். அதற்குப் பலியான நிப்புகள் ஒரு டப்பா நிறைய என்னிடம் இருக்கின்றன.

உதறிப் பார்ப்பதும் வேண்டாம். நீலம் தெறித்தால் சுவரில் தெரியும், துடைப்பீர்கள். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் தெறித்தது வெயிலில் போன பிறகுதான் தெரியும். மஞ்சள்தூள் கறை என்று நினைத்துச் சோப்புப் போட்டால், தூளாக இருந்தால் அந்த இடம் சிவக்கும். இங்க் பொதுவாக அப்படிச் சிவக்காது. காய்வதற்குள் குளிர்ந்த நீரில் அலசிவிட்டால் பெரும்பகுதி போய்விடும்.

அறிகுறி: புட்டியில் ஒரு நிறம், தாளில் வேறு நிறம்

புட்டிக்குள் செம்மஞ்சளாக, சிலசமயம் சிவப்பாகவே தெரிந்து, தாளில் எலுமிச்சை மஞ்சளாக வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் கடைக்கே திரும்பப் போனவன். கடைக்கார அண்ணாச்சி சிரித்துக்கொண்டே ஒரு சொட்டைத் தாளில் விட்டுக் காட்டினார். புட்டியில் பல சென்டிமீட்டர் ஆழ மையைப் பார்க்கிறோம், தாளில் ஒரு மெல்லிய படலத்தை. கேசரிப் பவுடரைத் துளித் தண்ணீரில் கரைத்தால் சிவந்து தெரிவதும் பாத்திரம் முழுக்கக் கலந்ததும் மஞ்சளாவதும் இதே கதை.

பேனாவில் பத்து நாள் கிடந்த பிறகு தாளிலேயே ஆரஞ்சு தட்டினால் அது வேறு. மூடி சரியாகப் பொருந்தாமல் தண்ணீர் ஆவியாகி, சாயம் கெட்டியாகிவிட்டது. கன்வர்ட்டரில் ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் பழைய நிறம் திரும்பும். எனக்கென்னவோ அந்தக் கெட்டிப்பட்ட நிறம்தான் பிடித்திருக்கிறது, படிக்கவாவது முடிகிறது.

அறிகுறி: நீல எழுத்தின் மேல் தீட்டினால் எழுத்து கரைகிறது

மஞ்சள் இங்க்கை அகல நிப்பில் ஊற்றி, பாடப்புத்தகத்தில் அடிக்கோடு போடுவது நல்ல உபயோகம். பெலிக்கன் கம்பெனி இதற்கென்றே மிக அகலமான நிப் வைத்த பேனாவும் ஒளிரும் மஞ்சள் இங்க்கும் விற்றிருக்கிறது. அச்செழுத்துக்கு மேல் தாராளமாகத் தீட்டலாம். இங்க் ஜெட் பிரிண்டரில் எடுத்த பக்கம் என்றால் ஓரத்தில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

சிக்கல் கையெழுத்தின் மேல் வரும். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் துவைத்தால் போகும் நீலம், தண்ணீர் பட்டதுமே இளகும். மஞ்சள் இங்க்கும் பெரும்பகுதி தண்ணீர்தான். வரி இழுக்கும்போது அந்த நீலம் கரைந்து மஞ்சளோடு சேர்ந்து பச்சைச் சேறாகும். மோசமான பகுதி இனிமேல்தான்: கரைந்த நீலம் நிப் வழியாக உள்ளே ஏறிக்கொள்ளும். அப்புறம் முதல் அறிகுறிக்குத் திரும்ப வேண்டியதுதான். தீட்டியதும் நிப்பை டிஷ்யூவில் ஒற்றிவிட்டால் ஓரளவு தப்பிக்கலாம். குறிப்புகளைப் பால்பாயின்ட்டிலோ, நன்றாகக் காய்ந்த பிக்மென்ட் (தண்ணீரில் கரையாத நிறத்துகள்) இங்க்கிலோ எழுதியிருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. எழுத்தின் மேல் தீட்டாமல் வரிக்கு ஓரத்தில் ஒரு நெடுங்கோடு போடுவது இன்னும் சுலபம். நான் இப்போது அப்படித்தான்.

அறிகுறி: நிப்பின் மேல் சர்க்கரை மாதிரிப் படிவு, புட்டிக்குள் நூல்

இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நிப்பின் மேல் மஞ்சள் பொருக்கு என்றால் தண்ணீர் ஆவியாகிச் சாயம் படிந்திருக்கிறது, ஈரத்துணியால் துடைத்தால் போயிற்று. சில இங்க்குகள் வாரம் ஒருமுறை இப்படிப் பொருக்குத் தட்டும், பேனாவுக்கு ஆபத்தில்லை.

புட்டியின் மேற்பரப்பில் ஆடை, உள்ளே வெள்ளை நூல், திறந்தால் ஈரச்சாக்கு வாசனை என்றால் அது பூஞ்சை. வடிகட்டிப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கவே வேண்டாம். புட்டியைக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அதிலிருந்து ஏற்றிய பேனாக்களையும் கழுவுங்கள்.

இதனால்தான் கேசரிப் பவுடரைக் கரைத்துப் பேனாவில் ஊற்றாதீர்கள் என்கிறேன். இங்க்கில் பூஞ்சை வராமல் இருக்க மருந்து சேர்த்திருப்பார்கள், பவுடர் தண்ணீரில் அது கிடையாது. கலர்ப் பொடியில் உப்பும் இருக்கும், நிப்புக்கு நல்லதல்ல. மஞ்சள்தூளோ கேட்கவே வேண்டாம். அதன் நிறம் தண்ணீரில் சரியாகக் கரையாது. துகள் துகளாக மிதந்து கட்டையின் இடுக்கை அடைக்கும். ஈர்க்குச்சியில் தொட்டு எழுதிப் பாருங்கள், அழகாக இருக்கும். பேனாவுக்குள் மட்டும் வேண்டாம்.

அறிகுறி: எழுதி வைத்தது வெளுத்துப் போகிறது

வெயில்தான். ஒளிரும் மஞ்சளுக்கு ஆயுள் ரொம்பக் குறைவு. சாதா மஞ்சள் எவ்வளவு தாங்கும் என்பது இங்க்குக்கு இங்க் மாறும். எர்பாங்கின் பூட்டோன் தோர், டயமைனின் சன்ஷைன் யெல்லோ, ரோரர் உண்ட் கிளிங்னரின் ஹெலியாந்தஸ் என்று எதை வாங்கினாலும், முக்கியமான எதையும் எழுதும் முன் நீங்களே சோதித்துவிடுங்கள். ஒரே தாளில் பட்டை பட்டையாகத் தீட்டி, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். மூன்று வாரம் கழித்து அட்டையை எடுங்கள். என் தாளில் ஒளிரும் மஞ்சள் பட்டை அட்டையின் ஓரத்தோடு கத்தரித்த மாதிரி நின்றுவிட்டது. வெயில் பட்ட பக்கத்தில் நிப் கீறிய தடம் மட்டும் இருந்தது, விரலால் தடவினால் தெரிந்தது.